பார்க்கிங் கிரவுண்டுல டவர் வருது, புக் பண்ணலாமா? காத்திருக்கிற செலவு யார் தலையில விழுதுன்னு முதல்ல பாருங்க

ஊருக்கு நடுவுல ஒரு காலி இடம். வாசல்ல ஒருத்தர் டோக்கன் கிழிச்சுக் கொடுப்பார், உள்ள வரிசையா காரும் பைக்கும் நிக்கும். தினமும் அதைத் தாண்டித்தான் நீங்க ஆபீஸ் போறீங்க. ஒருநாள் சுத்தி தகர ஷீட் அடிச்சு மறைச்சிடுறாங்க. அடுத்த வாரம் அதே ஷீட் மேல பெரிய பேனர்: 20 மாடி, மெட்ரோவுக்குப் பக்கத்துல, மொட்டை மாடியில நீச்சல் குளம், "முதல் 50 பேருக்கு மட்டும் இந்த விலை".

இதைப் பார்த்ததும் சம்பளம் வாங்குற யாருக்கும் தோணுறது ஒண்ணுதான்: "இந்த இடத்துல இனிமே காலி மனை எங்க கிடைக்கப் போகுது? இப்பவே புக் பண்ணிடலாமா?"

வீடியோவுல இந்தக் கேள்விக்கு 12 நிமிஷத்துல பதில் சொன்னேன். அங்க முழுக் கணக்கையும் போட்டுக் காட்ட முடியல, இங்க போடுறேன். படிச்சு முடிக்கும்போது உங்க கையில ஒரு நம்பர் இருக்கும். இப்பவே புக் பண்றது லாபமா, பொறுத்திருந்து வாங்குறது லாபமான்னு அதை வெச்சே முடிவு பண்ணலாம்.

சிகாகோவுல ஒரு சர்ச், ஒரு பார்க்கிங் லாட்

அமெரிக்காவுல சிகாகோ நகரத்து மையப் பகுதியில ஹோலி நேம் கதீட்ரல்னு ஒரு பெரிய தேவாலயம் இருக்கு. அதுக்கு எதிர்ல இருந்த ஒரு பெரிய மனை பல வருஷமா வெறும் பார்க்கிங் லாட்தான். தார் ஊத்தி கோடு போட்ட தரை, அவ்வளவுதான். சுத்தி எல்லாப் பக்கமும் கட்டடங்கள் உயர்ந்துக்கிட்டே போச்சு, இந்த இடம் மட்டும் அப்படியே இருந்தது.

கடைசியில அந்த இடத்தை மறைமாவட்டம் ஒரு பில்டருக்கு வித்தது. விலை நூறு மில்லியன் டாலருக்கு மேல. 2022ல அங்க "ஒன் சிகாகோ" எழுந்து நின்னுச்சு. அதுல பெரிய டவர் 76 மாடி, 971 அடி உயரம்.

இதுல நாம கவனிக்க வேண்டியது மாடி எண்ணிக்கை இல்ல. அந்த இடம் காத்திருந்த அத்தனை வருஷமும் சும்மா கிடக்கல. வண்டி நிறுத்துறவங்க கொடுத்த காசு வந்துக்கிட்டே இருந்தது. கட்டடம் இல்லாததால பராமரிப்புச் செலவு ரொம்பக் குறைவு. இடத்தை வெச்சிருந்தவங்களுக்கு மண்ணோட மதிப்பும் ஏறுச்சு, காத்திருந்ததுக்குக் கூலியும் கிடைச்சது.

பொருளாதாரத்துல இதுக்கு விளக்கம் உண்டு. 1985ல ஷெரிடன் டிட்மன்ங்கிற பேராசிரியர் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். நகரத்துக்கு நடுவுல விலை உயர்ந்த இடத்தை ஏன் காலியா வெச்சிருக்காங்கங்கிறதுதான் அவர் எடுத்துக்கிட்ட கேள்வி. அவர் பதிலைச் சுருக்கமா சொன்னா: இன்னைக்கு 5 மாடி கட்டிட்டா, நாளைக்கு 20 மாடி கட்டுற வாய்ப்பு போயிடும். எதிர்காலம் எவ்வளவு நிச்சயமில்லாம இருக்கோ, அந்த வாய்ப்புக்கு அவ்வளவு மதிப்பு. பங்குச் சந்தையில ஆப்ஷன் பத்திப் படிச்சவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். காலி மனை ஒரு ஆப்ஷன். பார்க்கிங் வசூல், அந்த ஆப்ஷனைக் கையில வெச்சிருக்கக் கிடைக்கிற வாடகை.

நம்ம ஊர்லயும் இதே கதைதான்

இது அமெரிக்காவுக்கு மட்டும் பொருந்துற விஷயம்னு நினைக்க வேண்டாம். 2019ல தமிழ்நாட்டுல ஒருங்கிணைந்த கட்டட விதிகள் வந்துச்சு. அதுல எஃப்எஸ்ஐ, அதாவது மனையோட பரப்பளவுக்கு எத்தனை மடங்கு கட்டலாம்ங்கிற அளவு, கூடுச்சு. சாதாரணக் கட்டடத்துக்கு 1.5ல இருந்து 2 ஆச்சு. உயரமான கட்டடத்துக்கு 2.5ல இருந்து 3.25 ஆச்சு.

இப்போ ஒருத்தர் கிட்ட 10 கிரவுண்ட் பார்க்கிங் இடம் இருந்ததுன்னு வெச்சுக்குவோம். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி, மொத்தம் 24,000 சதுர அடி. பழைய விதியில உயரமான கட்டடம்னா 60,000 சதுர அடி கட்டலாம். புது விதியில 78,000. இடத்துக்காரர் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தல. ஆனா 18,000 சதுர அடி கூடுதலா கட்டுற உரிமை அவர் மடியில வந்து விழுந்துடுச்சு. ஆயிரம் சதுர அடி ஃபிளாட்னா பதினெட்டு வீடு. அவசரப்பட்டு 2015ல கட்டினவருக்கு அது கிடைக்கல, டோக்கன் கிழிச்சுக்கிட்டே பொறுமையா இருந்தவருக்குக் கிடைச்சது.

"யானை அசைஞ்சு தின்னும், வீடு அசையாம தின்னும்"னு நம்ம பாட்டிங்க சொல்வாங்க. காலி மனை அதுக்கு நேர் எதிர். அது அசையாம சம்பாதிக்கும்.

ஒரே டவர், காத்திருக்கிறவங்க மூணு பேர்

இப்போ அந்த இடத்துல டவர் வேலை ஆரம்பிச்சாச்சு. முடிய மூணு வருஷம் ஆகும்னு வெச்சுக்குவோம். அந்த மூணு வருஷம் மூணு பேரும் எப்படிக் காத்திருக்காங்கன்னு பாருங்க.

முதல் ஆள், இடத்துக்காரர். பில்டரோட ஜாயின்ட் டெவலப்மென்ட் ஒப்பந்தம் போட்டிருந்தா, கட்டி முடிச்சதும் அவருக்கு ஒரு பங்கு ஃபிளாட் வரும். பொதுவா இப்படி ஒப்பந்தம் போட்ட உடனேயே மூலதன ஆதாய வரி வந்துடும்னு ஒரு பிரச்சினை இருந்தது. 2017 பட்ஜெட்ல அதை மாத்திட்டாங்க. இடத்துக்காரர் தனிநபரா அல்லது இந்துக் கூட்டுக் குடும்பமா இருந்து, பதிவு செய்த ஒப்பந்தமும் இருந்து, நடுவுல தன் பங்கை விக்காமலும் இருந்தா, நிறைவுச் சான்றிதழ் கிடைச்ச வருஷத்துலதான் அந்த வரி. அவருக்காக வருமான வரித்துறையே காத்திருக்குது!

ரெண்டாவது ஆள், பில்டர். அவருக்கும் ரிஸ்க் இருக்கு, மறுக்கல. ஆனா வேலைக்கான பணத்துல ஒரு நல்ல பங்கு புக் பண்ணினவங்க கட்டுற தவணையில இருந்து வருது. அவர் காத்திருக்கிறது பாதி உங்க காசுல.

மூணாவது ஆள், நீங்க. உங்களுக்கு எந்தப் பார்க்கிங் வசூலும் இல்ல. இருக்கிற வீட்டுக்கு வாடகை, பேங்க்குக்கு வட்டி, ஒவ்வொரு தவணைக்கும் ஜிஎஸ்டி. மூணு பேர்ல காசு கொடுத்துக் காத்திருக்கிறது நீங்க ஒருத்தர் மட்டும்தான்.

இந்தக் கட்டுரை முழுக்க இதைச் சுத்திதான். அந்த இடம் நல்ல இடமாவே இருக்கலாம், விலையும் ஏறலாம். ஆனா ஏறுற விலை, நீங்க காத்திருக்கச் செலவழிக்கிற காசைத் தாண்டணும். தாண்டலைன்னா அந்த லாபம் உங்களுக்கு இல்ல.

உங்க மூணு வருஷக் கணக்கு

புரியிறதுக்காக வட்டமான நம்பர் எடுத்துக்கலாம். 1,000 சதுர அடி ஃபிளாட், சதுர அடி ₹10,000, மொத்தம் ₹1 கோடி. கடன் வட்டி 8%, காலம் 20 வருஷம். இப்போ இருக்கிற வீட்டு வாடகை மாசம் ₹25,000.

முதல்ல கையில இருந்து போறது:

- ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல 75 லட்சம் வரை கடன்னா வீட்டு மதிப்புல 80% வரை தரலாம். கடன் 75 லட்சத்தைத் தாண்டினா 75% வரைதான். அதனால ஒரு கோடி வீட்டுக்குக் கடன் ₹75 லட்சம், உங்க பங்கு ₹25 லட்சம்.
- கட்டிக்கிட்டு இருக்கிற வீட்டுக்கு ஜிஎஸ்டி 5%: ₹5 லட்சம். (45 லட்சத்துக்குள்ள, 60 சதுர மீட்டருக்குள்ள இருக்கிற குறைந்த விலை வீடுன்னா 1%தான். ஆனா நகர மையத்து டவர்ல அப்படி ஒண்ணு கிடைக்கிறது கஷ்டம்.)
- முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம்: 2023 டிசம்பர்ல இருந்து தமிழ்நாட்டுல புது ஃபிளாட்டோட முதல் விற்பனைக்குக் கூட்டு மதிப்பு முறை. 50 லட்சத்துல இருந்து 3 கோடி வரை மொத்தம் 7%: ₹7 லட்சம். இந்த அளவு வீட்டுக்குப் பதிவுச் செலவை வீட்டு மதிப்போட சேர்த்துக் கடன் கணக்கிட ரிசர்வ் வங்கி விதி இடம் கொடுக்கல.

ஆக ₹37 லட்சம் உங்க சேமிப்புல இருந்து. பேனர்ல ஒரு கோடின்னுதான் இருக்கும், இந்த 37 அதுல எங்கயும் இருக்காது.

அடுத்து மூணு வருஷம். கடன் ஒரே நாள்ல வராது, வேலை நடக்க நடக்கக் கொஞ்சம் கொஞ்சமா போகும். சீரா போகுதுன்னு வெச்சா சராசரி நிலுவை ₹37.5 லட்சம். 8% வட்டி, மூணு வருஷம்: ₹9 லட்சம். இதைத்தான் ப்ரீ-இஎம்ஐன்னு சொல்வாங்க. இதுல அசல் ஒரு ரூபாய்கூட குறையாது. சாவி வாங்குற அன்னைக்கும் கடன் முழு 75 லட்சம்தான் நிக்கும். அதுக்கப்புறம் மாசம் ₹62,733 இஎம்ஐ, 20 வருஷம்.

அதோட உங்க 25 லட்சத்தை எஃப்டியில வெச்சிருந்தா, வரி போக 5.5% கிடைச்சிருக்கும்னு எடுத்துக்கிட்டா மூணு வருஷத்துல சுமார் ₹4 லட்சம். அதுவும் போச்சு.

வாடகையை இந்தக் கணக்குல சேர்க்கல. புக் பண்ணினாலும், பண்ணாம பொறுத்திருந்தாலும் அந்த மூணு வருஷம் வாடகை கொடுத்துத்தான் ஆகணும்.

இப்போ கூட்டுங்க: வட்டி 9, ஜிஎஸ்டி 5, எஃப்டியில விட்டது 4. மொத்தம் ₹18 லட்சம்.

நான் சொன்ன நம்பர் இதுதான். அதே ஃபிளாட்டை மூணு வருஷம் கழிச்சு, நிறைவுச் சான்றிதழ் வந்த பிறகு நீங்க வாங்கினா ஜிஎஸ்டி கிடையாது, ப்ரீ-இஎம்ஐ கிடையாது. அப்போ அதோட விலை ஏறத்தாழ ₹1.17 கோடிக்குக் கீழ இருந்தா, காத்திருந்தவருக்கு லாபம். அதுக்கு மேல போனா, இன்னைக்குப் புக் பண்ணினவருக்கு லாபம். (கூடுதல் விலைக்கு அவர் கட்டுற பதிவுச் செலவையும் கழிச்சாச்சு.) வருஷக் கணக்குல சொன்னா விலை சராசரியா சுமார் 5.4% ஏறணும். அப்போதான் நீங்க போட்டது போட்டபடி திரும்ப வருது. லாபம் அதுக்கு மேலதான் ஆரம்பிக்குது.

ஒரு வருஷம் தாமதமானா? மாசம் ₹50,000 வட்டி, ₹25,000 வாடகை, ஆக ₹75,000. வருஷத்துக்கு ₹9 லட்சம் போகும், அசல் அப்பவும் 75 லட்சமாவே இருக்கும். நம்ம எல்லைக் கோடும் ₹1.25 கோடிக்குப் பக்கத்துல போயிடும்.

உங்க ஏரியா, உங்க வட்டி விகிதத்துக்கு ஏத்த மாதிரி நம்பரை மாத்திப் போட்டுப் பாருங்க. கணக்கு மாறாது, பதில் மாறலாம்.

"வரிச் சலுகை இருக்கே சார்?"

அடிக்கடி கேக்குற கேள்வி. ப்ரீ-இஎம்ஐ வட்டியை அஞ்சு சம தவணையா, வீடு முடிஞ்ச வருஷத்துல இருந்து கழிச்சுக்கலாம்னு சேல்ஸ் டீம் சொல்வாங்க. சொல்றது சட்டப்படி சரிதான். பலன் எவ்வளவுன்னு பார்ப்போம்.

9 லட்சத்துல அஞ்சுல ஒரு பங்கு ₹1.8 லட்சம். ஆனா நீங்க குடியிருக்கிற வீட்டுக்கு மொத்த வட்டிக் கழிவே வருஷத்துக்கு ₹2 லட்சம்தான் உச்சவரம்பு. 75 லட்சம் கடனுக்கு முதல் வருஷ வட்டி மட்டுமே ஏறத்தாழ 6 லட்சம். அந்த 2 லட்சம் அதுலயே நிறைஞ்சு வழிஞ்சிடும். இந்த 1.8 லட்சத்துக்கு அங்க இடமே இல்ல. பேப்பர்ல சலுகை இருக்கு, கையில பூஜ்யம்.

அதுவும் பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்குத்தான். புது முறையில, சொந்தமா குடியிருக்கிற வீட்டுக்கு வட்டிக் கழிவு கிடையாது. இப்போ நீங்க எதுவும் தேர்வு பண்ணலைன்னா புது முறைதான் பொருந்தும். இன்னொண்ணு, கடன் வாங்கின நிதியாண்டு முடிஞ்சு அஞ்சு வருஷத்துக்குள்ள கட்டி முடிக்கலைன்னா அந்த 2 லட்சமும் ₹30,000 ஆயிடும். பில்டர் தாமதம் பண்ணினா, வரிச் சலுகையை இழக்கிறது நீங்க.

வரிச் சலுகைக்காக வீடு வாங்காதீங்கன்னு நான் வழக்கமா சொல்றது இதுக்குத்தான்.

விலை ஏறுறது மண்ணு, தேயுறது கட்டடம்

சிகாகோவுல அந்தப் பெரிய விலை போனது தார் போட்ட தரைக்கு இல்ல, அதுக்குக் கீழ இருந்த மண்ணுக்கு. ஃபிளாட்லயும் அப்படித்தான். சுவரும் டைல்ஸும் லிஃப்டும் வருஷா வருஷம் தேயும். ஏறுறது நிலம். அதுல உங்க பங்குக்குப் பேர் யூடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத பங்கு.

மாடி உயர உயர, ஒரே மண்ணைப் பல பேர் பங்கு போட்டுக்கிறாங்க. ஆயிரம் சதுர அடி ஃபிளாட்டுக்குத் தோராயமா:

- எஃப்எஸ்ஐ 2 இருக்கிற சாதாரண அபார்ட்மென்ட்: 500 சதுர அடி யூடிஎஸ்
- எஃப்எஸ்ஐ 3.25 உள்ள உயரமான டவர்: 308 சதுர அடி
- அதுக்கு மேல 50% வரை ப்ரீமியம் எஃப்எஸ்ஐ வாங்கிக் கட்டின டவர்: 205 சதுர அடி

அந்தத் தெருவுல நிலம் சதுர அடி ₹12,000ன்னு வெச்சா, உங்க ஒரு கோடியில மண்ணுக்குப் போறது முறையே ₹60 லட்சம், ₹37 லட்சம், ₹25 லட்சம். மிச்சமெல்லாம் கட்டுமானம், வசதிகள், வட்டி, பில்டர் லாபம்.

பத்து வருஷத்துக்கு நிலம் வருஷம் 8% ஏறுது, கட்டடம் வருஷம் 2% தேயுதுன்னு ஒரு அனுமானம் போட்டுப் பார்த்தேன். முதல் ஃபிளாட் சுமார் ₹1.62 கோடி ஆகுது, ரெண்டாவது ₹1.30 கோடி, மூணாவது ₹1.13 கோடி. வருஷக் கணக்குல 4.9%, 2.7%, 1.3%. இது கணிப்பு இல்ல, ஒப்பிடுறதுக்காகப் போட்ட கணக்கு. கட்டுமானச் செலவு ஏறுறதையும் நான் இதுல சேர்க்கல. ஆனா மூணுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியைப் பாருங்க. ஒரே தெரு, ஒரே விலை, யூடிஎஸ் மட்டும்தான் வேற.

யூடிஎஸ் வெறும் பத்திரத்துல இருக்கிற நம்பர்னு விட்டுடாதீங்க. நாளைக்குக் கட்டடம் பழசாகி இடிச்சுக் கட்டும்போது உங்க பேரத்துக்கு அடிப்படை அதுதான். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022 படி, மறுகட்டுமானத்துக்கு மூணுல ரெண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதம் போதும். அன்னைக்கு எல்லாரும் எடுத்துப் பார்க்கப் போறது அந்த நம்பரைத்தான்.

பார்க்கிங்கை எடுத்துட்டு, பார்க்கிங்கையே விக்கிறாங்க

வண்டி நிறுத்துற இடத்துல கட்டின டவர்ல, வண்டி நிறுத்த நீங்க தனியா லட்சக்கணக்குல காசு கொடுக்கணும். வேடிக்கைதான், ஆனா இதுல சட்டம் கொஞ்சம் தெளிவா இருக்கு.

2010ல நாகல்சந்த் லாலூசந்த் வழக்குல உச்ச நீதிமன்றம், திறந்தவெளிப் பார்க்கிங்கையும் ஸ்டில்ட் பார்க்கிங்கையும் பில்டர் தனிச் சொத்தா விக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு. அது மகாராஷ்டிரச் சட்டத்தை வெச்சு வந்த தீர்ப்பு. 2016ல வந்த ரெரா சட்டம் திறந்தவெளிப் பார்க்கிங்கைப் பொதுப் பகுதின்னே வரையறுத்திருக்கு. பொதுப் பகுதி எல்லாருக்கும் சொந்தம், அதைத் தனியா ஒருத்தருக்கு விக்கிறதுக்கு இல்ல.

அதனால ஒப்பந்தத்துல "கார் பார்க்கிங்: 1"ன்னு மட்டும் இருந்தா கையெழுத்துப் போடாதீங்க. மூடினதா, திறந்ததா, எந்தத் தளம், என்ன எண், வரைபடத்துல எங்க இருக்குன்னு எழுதி வாங்குங்க. காசைப் பார்க்கிங்குக்கு வாங்கிட்டு, ரசீதுல "வசதிக் கட்டணம்"னு போட்டா ஏன்னு கேளுங்க.

வரி விஷயமா இன்னொண்ணு. விலை 50 லட்சம் அல்லது அதுக்கு மேலன்னா ஒவ்வொரு தவணையிலயும் 1% டிடிஎஸ் பிடிச்சு அரசுக்குக் கட்ட வேண்டியது வாங்குற நீங்கதான். அந்த விலையில கார் பார்க்கிங், கிளப் மெம்பர்ஷிப், பராமரிப்பு முன்பணம் எல்லாம் சேரும். கட்டலைன்னா வட்டியும் தாமதக் கட்டணமும் உங்க பேர்ல வரும், பில்டர் பேர்ல வராது.

"சாவி வாங்குற வரைக்கும் இஎம்ஐ இல்ல"

இப்படி ஒரு ஆஃபர் பேனர்ல இருந்தா நம்ம கணக்குல இருக்கிற 9 லட்சம் வட்டி மறைஞ்சிட்ட மாதிரி தெரியும். மறையல. அதை பில்டர் கட்டுறேன்னு சொல்றார், பெரும்பாலும் ஃபிளாட் விலையிலயே அதை ஏத்தியும் இருப்பார். ஆனா கடன் உங்க பேர்ல. அவர் நடுவுல கட்டாம விட்டா பேங்க் உங்களைத்தான் கேக்கும், கிரெடிட் ஸ்கோர் உங்களுதுதான் விழும்.

டெல்லியைச் சுத்தின பகுதிகள்ல இப்படிப் போன ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வீடும் வரல, கடனும் போகல. 2025ல உச்ச நீதிமன்றம் பில்டர்களும் பேங்க்குகளும் சேர்ந்து நடத்தினதா சொல்ற இந்த விவகாரத்தை சிபிஐ விசாரிக்கச் சொல்லியிருக்கு. வேலை எந்த அளவு நடந்திருக்கோ அந்த அளவுக்குத்தான் கடன் விடுவிக்கணும்னு ரிசர்வ் வங்கி 2013லயே வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. நீங்களும் அதையே பிடிச்சுக்குங்க. பேங்க்ல இருந்து ஒவ்வொரு முறை பணம் போகும்போதும் தளத்துக்குப் போய் எத்தனை மாடி எழும்பியிருக்குன்னு பார்த்துட்டு வாங்க.

டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி

1. ரெரா பதிவு எண் இருக்கா? 500 சதுர மீட்டருக்கு மேல நிலம் அல்லது எட்டுக்கு மேல வீடு உள்ள திட்டம் பதிவு இல்லாம விளம்பரமே பண்ணக் கூடாது. "ப்ரீ-லான்ச், விருப்பக் கடிதம் மட்டும்தான் சார்"னு காசு கேட்டா அங்கயே நிறுத்திக்குங்க.

2. ரெரா தளத்துல பில்டர் சொல்லியிருக்கிற முடிவுத் தேதி என்ன? அதுவும் உங்க ஒப்பந்தத்துல இருக்கிற தேதியும் ஒண்ணா? ஒப்பந்தத்துல கூடுதலா "கிரேஸ் பீரியட்" எத்தனை மாசம்? நம்ம கணக்குல மூணு வருஷத்துக்குப் பதில் அந்தத் தேதியைப் போடுங்க.

3. பதிவு செஞ்ச ஒப்பந்தம் இல்லாம 10%க்கு மேல வாங்குறது சட்டப்படி தப்பு. ஒரு கோடி வீட்டுக்கு 10 லட்சம். "இன்னைக்கே 20 கட்டினா தள்ளுபடி"ன்னா வேண்டாம்.

4. வாங்குறவங்க கொடுக்கிற பணத்துல 70% தனிக் கணக்குல இருக்கணும். நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டும்தான் எடுக்கலாம். பொறியாளர், ஆர்க்கிடெக்ட், சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் மூணு பேரும் வேலை அளவைச் சான்றளிச்ச பிறகுதான் எடுக்க முடியும். எங்க தொழில் ஆட்கள் கையெழுத்துப் போடுற இடம்ங்கிறதால சொல்றேன், இந்தச் சான்றிதழ் சும்மா சடங்கு இல்ல. உங்க தவணை எந்தக் கணக்குக்குப் போகுதுன்னு பாருங்க. ரெராவுல காட்டின அந்தக் கணக்குக்குத்தான் போகணும்.

5. கார்பெட் ஏரியா எவ்வளவு? 1,000 சதுர அடின்னு சொல்றதுல உள்ளே பயன்படுற இடம் 700ன்னா, உண்மையான விலை சதுர அடிக்கு ₹14,286.

6. யூடிஎஸ் எத்தனை சதுர அடி? எண்ணால எழுதி வாங்குங்க. "விகிதப்படி"ங்கிற வார்த்தை போதாது.

7. தாமதமானா என்ன? ரெரா சட்டப்படி நீங்க விலகினா வட்டியோட பணம் திரும்பக் கேக்கலாம். இருந்தா, சாவி கிடைக்கிற வரைக்கும் ஒவ்வொரு மாசத்துக்கும் வட்டி கேக்கலாம். ஒப்பந்தத்துல "சதுர அடிக்கு மாசம் இவ்வளவு ரூபாய்"னு சின்ன நஷ்டஈடு போட்டு அதை மழுப்பியிருக்காங்களான்னு பாருங்க.

அப்போ யார் புக் பண்ணலாம்?

கட்டிக்கிட்டு இருக்கிற வீடே வேண்டாம்னு நான் சொல்ல வரல. வாடகை இல்லாம பெற்றோர் வீட்டுல இருக்கீங்க, 37 லட்சத்தையும் கொடுத்த பிறகு ஆறு மாசச் செலவுக்குக் கையில பணம் நிக்கும், கணவன் மனைவி ரெண்டு பேர்ல ஒருத்தர் சம்பளம் நின்னாலும் ப்ரீ-இஎம்ஐ கட்ட முடியும், பில்டர் முன்னாடி ரெண்டு மூணு திட்டத்தைச் சொன்ன தேதியில முடிச்சிருக்கார். இத்தனைக்கும் ஆமாம்னா தாராளமா யோசிக்கலாம்.

இதுல ஒண்ணு இல்லைன்னாலும் அதே ஏரியாவுல முடிஞ்ச வீட்டைப் பாருங்க. மேல போட்ட கணக்குலயே, கட்டிக்கிட்டு இருக்கிற வீட்டுக்கு மூணு வருஷத்துல வட்டி 9, வாடகை 9, ஜிஎஸ்டி 5, ஆக ₹23 லட்சம். முடிஞ்ச வீட்டுக்கு அதே 75 லட்சம் கடன்னா மூணு வருஷ வட்டி சுமார் ₹17.4 லட்சம், வாடகை இல்ல, ஜிஎஸ்டி இல்ல. அதனால முடிஞ்ச வீடு அஞ்சு லட்சம் கூட இருந்தாலும் ரெண்டும் ஒண்ணுதான். முதல் நாள்ல இருந்து குடியிருக்கலாம், அசலும் குறைய ஆரம்பிக்கும். சுவர்ல விரிசல் இருக்கா, தண்ணி வருதான்னு கண்ணால பார்த்து வாங்கலாம்.

ரெண்டுக்கும் இப்போ தயார் இல்லையா? பதறாதீங்க. அந்த 37 லட்சமோ, இன்னும் சேர்ந்துக்கிட்டு இருக்கிற 10 லட்சமோ, அதுதான் உங்க பார்க்கிங் கிரவுண்ட். 37 லட்சம் 7% எஃப்டியில வருஷத்துக்கு ₹2.59 லட்சம் கொடுக்கும். 20% வரி வரம்புல இருந்தாக்கூட கைக்கு சுமார் ₹2.05 லட்சம். உங்க வருஷ வாடகை 3 லட்சத்துல ரெண்டு பங்குக்கு மேல அதுவே கட்டிடுது. பதினஞ்சு வருஷம் டோக்கன் கிழிச்சுக்கிட்டே காத்திருந்த இடத்துக்காரரை யாரும் ஏமாளின்னு சொல்லல.

இந்த வாரம் ஒரு வேலை மட்டும் பண்ணுங்க. நீங்க பார்த்து வெச்சிருக்கிற திட்டத்தோட ரெரா எண்ணை எடுத்து, முடிவுத் தேதியையும் யூடிஎஸ்ஸையும் ஒரு பேப்பர்ல எழுதி, அதுக்குப் பக்கத்துல உங்க எல்லைக் கோட்டு விலையைப் போடுங்க. அந்த மூணு நம்பரும் கையில இல்லாம சேல்ஸ் ஆபீஸ் படி ஏறாதீங்க.

(இங்க போட்டிருக்கிற கணக்குகள் புரிய வைக்கிறதுக்கான உதாரணங்கள். வரி விகிதமும் விதிகளும் மாறும், பதிவுக்கு முன்னாடி உங்க ஆடிட்டரையும் வக்கீலையும் ஒரு தடவை பார்த்துடுங்க.)